‘பிறந்த இடம்: அயர்லாந்து’, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஹனோராவின் பிறந்த வீட்டைத் தேடுவது எப்படி?

கொடிவழி (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தில் லங்காஷயர் கவுண்டியின் பிரஸ்டன் நகரில் 1884-இல் இறந்த ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைத் தேடுகிறேன். பெயர் ஹனோரா. கணவர் படையிலிருந்து ஓய்வூதியம் வாங்கியவர். ஹனோரா எழுதப் படிக்கத் தெரியாதவர் போலிருக்கிறது. சான்றிதழில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 30, 1861-இல் 38, 1871-இல் 52. இறப்புச் சான்றிதழில் 67. மூன்று கணக்கெடுப்பிலும் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்பதோடு சரி. மூத்த மகளுக்கு 1851-இல் வயது 4, பிறந்த இடம் ‘ஈஸ்ட் இண்டீஸ், மதராஸ்’. அடுத்த மகன் 1850-இல் பிரஸ்டனில் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரை அடுத்து ‘ஃபார்மர்லி’ என்று போட்டு ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. அதை இங்கே ‘க’ என்று வைத்துக்கொள்கிறேன். அயர்லாந்தின் கார்க், கெர்ரி கவுண்டிகள் பக்கம் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும்.

ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் ஹனோரா க, 1815 முதல் 1825 வரை என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. இங்கிலாந்தில் திருமணப் பதிவு இல்லை. மதராஸ் என்று போட்டுத் தேடினால் மகளின் ஞானஸ்நானமும் கிடைக்கவில்லை. இணையத்தில் இருக்கும் இரண்டு குடும்ப மரங்கள் இவரைக் கெர்ரியின் ஒரு பங்கில் (பாரிஷ், ஒரு கோயிலின் ஆளுகைப் பகுதி) கொண்டுபோய் ஒட்டியிருக்கின்றன, ஆதாரம் ஏதும் காட்டாமல்.

அயர்லாந்தின் பழைய கணக்கெடுப்புகள் எல்லாம் எரிந்துவிட்டன என்கிறார்கள். அப்படியானால் 1820 வாக்கில் பிறந்த ஓர் ஏழைப் பெண்ணை எந்த ஏட்டில் பிடிப்பது? வயது இப்படித் தடுமாறும்போது எந்த ஆண்டை நம்புவது?

சுவடிப்பெட்டி (பதில்)

வயதை நம்பாதீர்கள். நீங்கள் தந்த நான்கு வயதையும் பின்னோக்கிக் கழித்தால் 1821, 1823, 1819, 1817 என்று வருகிறது. இது தடுமாற்றமே இல்லை, அந்தக் காலத்துக்கு ஒழுங்கான வரிசை என்றே சொல்லலாம். இறப்பின்போது வயதைச் சொன்னவர் யார் என்று சான்றிதழில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தால் அந்த 67 வெறும் ஊகம். 1814 முதல் 1826 வரை என்று வலையை விரித்துக்கொள்ளுங்கள்.

எரிந்தது பற்றி: 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு போயிற்று. 1861, 1871 இரண்டையும் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகின. முழுதாக மிஞ்சியவை 1901, 1911 மட்டுமே. அயர்லாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் பதிவேடுகளிலும் பாதிக்கு மேல் அந்தத் தீயில் போயின. ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அவை அந்தந்தப் பங்குத்தந்தையின் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின. ஹனோரா கத்தோலிக்கர் என்றால், எரிந்த ஆவணம் உங்கள் முதல் சிக்கலே அல்ல. எந்தப் பங்கு என்று தெரியாததுதான் சிக்கல்.

அந்தப் பங்கின் பெயர் அயர்லாந்தில் கிடைக்காது, இங்கிலாந்துப் பக்கத்துத் தாளில்தான் கிடைக்கும். கணக்கெடுப்பில் அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்பதுதான் விதி. எப்போதாவது ஒரு கணக்கெடுப்பாளர் விதியை மறந்து கவுண்டியையும் எழுதியிருப்பார். ஆகவே ஹனோராவின் வரியோடு நிற்காமல் அந்தத் தெருவின் நாலைந்து பக்கங்களைப் புரட்டுங்கள். கூடவே 1881-ஐயும் பாருங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை.

அடுத்து பிள்ளைகள். ஒரு பிள்ளையின் சான்றிதழோடு நிறுத்தியது தவறு. இங்கிலாந்து தலைமைப் பதிவகத்தின் இணையப் பட்டியலில் 1837 முதலே தாயின் கன்னிக் குடும்பப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய அச்சுப் பட்டியலில் அது 1911-இல்தான் தொடங்கும். கணவரின் குடும்பப் பெயரும் ‘க’வும் சேர்ந்த பிறப்புகளை பிரஸ்டன் பதிவு மாவட்டத்தில் 1848 முதல் 1868 வரை எடுங்கள். பிறகு ‘க’ இல்லாமலும் ஒருமுறை எடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயரும் இன்னொரு பிள்ளைக்கு வேறு பெயரும் வந்தால் அங்கே விஷயம் இருக்கிறது.

‘ஃபார்மர்லி’ என்றால் கன்னிப் பெயர். ‘லேட்’ என்றால் முந்தைய கணவரின் பெயர். ‘லேட் இன்னது, ஃபார்மர்லி இன்னது’ என்று இரண்டும் வந்தால் அவர் மறுமணம் செய்தவர். இது பதிவாளருக்குத் தெரிந்த இலக்கணம். எதிரே கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ‘முன்னே என்ன பேர்?’ என்று கேட்டால் முந்தைய கணவரின் பெயரைச் சொல்வாள். அவர் அதை ‘ஃபார்மர்லி’யில் எழுதிவிடுவார்.

அதனால் அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். பிரஸ்டனில் அந்த ஆண்டில் செயின்ட் வில்பிரட், செயின்ட் இக்னேஷியஸ், செயின்ட் அகஸ்டின் கோயில்கள் இருந்தன. செயின்ட் வால்பர்க் 1854-இல் வந்தது. லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் அந்தக் கவுண்டியின் கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பிரஸ்டன் கோயில்களில் எவை, எந்த ஆண்டு வரை என்று அங்கேயே பாருங்கள். அங்கு இல்லாததற்கு பிரஸ்டனிலேயே உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகம். லத்தீன் பதிவில் தாயின் பெயருக்குப் பின் ‘ஓலிம்’ என்று ஒரு சொல் வரும், ‘முன்னாளில்’ என்று பொருள். குருவானவர் அங்கே எழுதுவது பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயர்.

மூத்த மகளின் திருமணத்தையும் விடாதீர்கள். அரசுச் சான்றிதழில் மணமக்களின் தகப்பன்மார் மட்டுமே இருப்பார்கள். தாயின் பெயர் இங்கிலாந்தில் 2021-இல்தான் சேர்ந்தது. ஆனால் கத்தோலிக்கக் கோயிலின் சொந்த லத்தீன் பதிவேட்டில், 1850களின் பிற்பகுதியிலிருந்து பல பங்குகளில் தாய் தகப்பன் இருவரையும் எழுதியிருப்பார்கள். ஒரே திருமணத்துக்கு இரண்டு பதிவு, இரண்டிலும் வேறு வேறு தகவல்.

கோட்டைமேடு (பதில்)

மதராஸ் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். கணக்கெடுப்பில் ‘மதராஸ்’ என்று இருந்தால் அதைச் சென்னை நகரம் என்று படிக்காதீர்கள். அது மாகாணம். சென்னைப் படையின் வெள்ளைச் சிப்பாய்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மட்டும் இருக்கவில்லை. பெங்களூர், பெல்லாரி, கண்ணனூர், திருச்சிராப்பள்ளி, செகந்திராபாத், நாகபுரிக்குப் பக்கத்து காம்ப்டி வரை பரவிக் கிடந்தார்கள். இடத்தை எடுத்துவிட்டு, தகப்பன் பெயர், குழந்தையின் பெயர், 1846-47 என்று மட்டும் தேடுங்கள்.

தேட வேண்டிய தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் ‘என் 2’ வரிசை. வங்காளத்துக்கு என் 1, பம்பாய்க்கு என் 3. ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் அவை. நகல் எடுக்கும்போதே எழுத்துப் பிழை புகுந்துவிடும், கத்தோலிக்கப் பதிவுகளில் விடுபடலும் உண்டு. படங்கள் பைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்கு. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் ஒரு பகுதிப் பட்டியல் இலவசம். லண்டன் நகலில் இல்லை என்றால், அந்தக் கண்டோன்மென்ட்டின் பழைய கோயிலில் மூலப் பதிவேடு இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம்.

அந்த ஒரு ஞானஸ்நானம் கிடைத்தால் தகப்பனின் ரெஜிமென்ட் கிடைக்கும். அதிலிருந்து இரண்டு பாதை.

ராணியின் ரெஜிமென்ட், அதாவது பிரிட்டிஷ் அரசின் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஓய்வூதியம் வாங்கியவரின் விடுவிப்புத் தாள் ‘டபிள்யூஓ 97’ வரிசையில் இருக்கும். முதல் வரியே ‘இன்ன பங்கு, இன்ன ஊருக்கு அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர்’ என்று போகும். அதோடு ‘டபிள்யூஓ 22’ பாருங்கள். 1842 முதல் 1883 வரை எந்த மாவட்டத்தில் ஓய்வூதியம் வாங்கினார், எங்கிருந்து எங்கே மாறினார் என்று அதில் தெரியும். பிரஸ்டனுக்கு வருமுன் கொஞ்ச நாள் அயர்லாந்தில் வாங்கியிருந்தால் அந்த ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தபந்தம் இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போயிருப்பார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்த ஐரோப்பியப் படை என்றால் கியூவில் தேட வேண்டாம், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘எல்-மில் 11’ வரிசை, அதாவது சென்னைப் படையின் பட்டியல்கள். கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டில் ஐரிஷ்காரர் ஏராளம். அது பிறகு 102-ஆவது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாகவே மாறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவுக்குக் கப்பலேறும் ரெஜிமென்ட்டுக்கு நூறு சிப்பாய்க்கு 12 மனைவியர் என்ற அளவில்தான் அனுமதி. அதனால் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரப் பெண்கள் குறைவு. காலராவிலோ காய்ச்சலிலோ கணவன் போனால் விதவைக்குப் படையின் உதவி சில மாதங்களுக்குத்தான். ஆகவே மாதக் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கிலேயே மறுமணம் நடக்கும். மேலே சுவடிப்பெட்டி சொன்ன ‘லேட்’, ‘ஃபார்மர்லி’ குழப்பம் படைக் குடும்பங்களில் இரட்டிப்பு. ‘க’ அவருடைய பிறந்த வீட்டுப் பெயர்தானா என்று உறுதிசெய்யாமல் கெர்ரிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கொடிவழி

இருவருக்கும் நன்றி. மூன்று வாரத் தேடலின் பலன் இது.

இடத்தை எடுத்துவிட்டுத் தேடியதும் மகள் வந்துவிட்டாள். கண்ணனூர், 1846. தகப்பன் ராணியின் ரெஜிமென்ட்டில் சிப்பாய். தாயின் பெயர் வெறும் ஹனோரா. அதே ஊரில் 1844-இல் அவர்களின் திருமணமும் இருக்கிறது. மணமகளின் நிலை என்ற இடத்தில் ‘விதவை’, குடும்பப் பெயர் ‘க’!

பிரஸ்டனில் 1850 ஞானஸ்நானமும் கிடைத்தது. தாயின் பெயருக்குப் பின் ‘ஓலிம்’, அதன் பின் முற்றிலும் வேறொரு பெயர். அதை ‘ப’ என்கிறேன். 1853-இல் பிறந்த இன்னொரு பெண்குழந்தைக்கு அரசுப் பட்டியலிலும் ‘ப’ என்றே இருக்கிறது. ஆக இத்தனை நாள் முதல் கணவரின் பெயரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ‘ப’ அவ்வளவு பரவலான பெயர் இல்லை.

இரண்டாவது கணவரின் விடுவிப்புத் தாளின்படி அவர் அயர்லாந்தின் ரோஸ்காமன் கவுண்டியில் பிறந்தவர். ஹனோராவும் ரோஸ்காமனாக இருக்குமா?

கோட்டைமேடு

ரோஸ்காமனை விட்டுவிடுங்கள். அவர்கள் சந்தித்த ஊர் கண்ணனூர். அவர் பிறந்த ஊர் ஹனோராவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்களுக்கு வேண்டியவர் செத்துப்போன முதல் கணவர்.

பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு விடுவிப்புத் தாள் கிடையாது. டபிள்யூஓ 97-இல் தேடிக் கிடைக்காமல் பலர் கைவிடுவது இங்கேதான். அவருக்கு ‘டபிள்யூஓ 25’ வரிசையில் உள்ள உயிரிழப்புப் பட்டியல்களைப் பாருங்கள். பெயர், பிறந்த இடம், முந்தைய தொழில், இறந்த நாள், இடம், பாக்கிச் சம்பளம், நெருங்கிய உறவு என்று போகும். நெருங்கிய உறவின் கட்டத்தில் ‘மனைவி ஹனோரா’ என்று இருந்தால் ஆள் அவர்தான். 1844-க்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். முதலில் கண்ணனூர் அடக்கப் பதிவில் ‘க’ பெயர்ச் சிப்பாய்களை எடுத்தால் வேலை குறையும். அவர் இரண்டாவது கணவரின் ரெஜிமென்ட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பிறகு அந்த ரெஜிமென்ட்டின் மஸ்டர் புத்தகங்கள், ‘டபிள்யூஓ 12’. சம்பளப் பட்டியல்தான், மூன்று மாதத்துக்கு ஒரு தொகுப்பு. படை எந்தக் காலாண்டில் எந்த ஊரில் இருந்தது என்பது அதில் இருக்கும். பெரும்பகுதி இணையத்தில் இல்லை. கியூவுக்குப் போக வேண்டும், அல்லது அங்கே படம் எடுத்துத் தருபவரிடம் கூலிக்குக் கொடுக்க வேண்டும். முழுவதும் கேட்காதீர்கள், காசு கரியாகும். இந்தியாவுக்குக் கப்பலேறும் முன் கடைசி மூன்று ஆண்டுகளில் ‘க’ எந்தக் கம்பெனியில், எந்த ஊரில் என்று மட்டும் கேளுங்கள். ஹனோராவை முதல் கணவர் கட்டியது அந்த ஊர்களில் ஒன்றாக இருக்கலாம். ஃபெர்மாய், பட்டவன்ட், அத்லோன், பிர் என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எல்லாம் படை தங்கிய ஊர்கள்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. ஹனோராவே ஒரு சிப்பாயின் மகளாக இருக்கலாம். பாரக்கிலேயே (சிப்பாய்களின் குடியிருப்பு) வளர்ந்து, பாரக்கிலேயே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் நிறைய. அப்படியானால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கில் அவருடைய குடும்பத்துக்கு வேரே இருக்காது. படை அங்கே தங்கிய மாதத்தில் பிறந்திருப்பார், அவ்வளவுதான். பதிவேட்டில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ‘மிலேஸ்’ என்று லத்தீனில் இருந்தால் சிப்பாய் என்று பொருள். பார்த்ததும் நிதானியுங்கள்.

லத்தீன்மேசை (பதில்)

தாமதமாக வருகிறேன். உங்கள் ‘ப’ கார்க்கின் வடபகுதியில் வரும் பெயர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், மற்ற இடமானாலும் முறை ஒன்றுதான்.

முதலில் பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். கிரிஃபித் மதிப்பீடு, 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளிவந்தது, ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இலவசம். நம்மூர் சிட்டா, அடங்கல் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: நிலம் யார் கையில், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு. குடும்பத்தின் ஆள்பட்டியல் அல்ல. மனைவி, மக்கள், இன்னொருவர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தவர் யாரும் அதில் இல்லை. ஒரே டவுன்லேண்டில் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு) ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள். அது கிடைத்தால் பொக்கிஷம். ஒரு தலைமுறை முன்னே போக 1823 முதல் 1837 வரையிலான டைத் புத்தகங்கள், அதாவது தசமபாக வரிப் பதிவுகள். ஹனோராவின் தகப்பன் அதில் வர வாய்ப்பு உண்டு, விளைநிலம் வைத்திருந்தால் மட்டும்.

இரண்டிலும் ‘ப’ வரும் டவுன்லேண்டுகளை எழுதி, அவை எந்தக் கத்தோலிக்கப் பங்கு என்று கண்டுபிடியுங்கள். மதிப்பீட்டில் இருப்பது சிவில் பாரிஷ், அரசு நிர்வாகப் பிரிவு. கத்தோலிக்கப் பங்கின் பெயரும் எல்லையும் வேறு. கில்மரி என்று மட்டும் கையில் இருந்தால் கார்க்கா, கிளேரா, லிமரிக்கா என்றே தெரியாது, மூன்றிலும் உண்டு. கவுண்டி எல்லையையும் நம்பக் கூடாது. மில்ஸ்ட்ரீட் கார்க் கவுண்டியில் இருக்கிறது, மறைமாவட்டமோ (ஆயரின் ஆளுகைப் பகுதி) கெர்ரி. டவுன்லேண்ட் பெயரின் எழுத்துக்கூட்டு நிலைத்ததே 1824-இல் தொடங்கிய நில அளவைக்குப் பிறகுதான். அதற்கு முன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அயர்லாந்து ஊர்ப்பெயர்களுக்கான லோகைன்ம் தளத்தில் பழைய வடிவங்கள் கிடைக்கும்.

இப்போது பதிவேடு. அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வரையிலான பதிவேடுகளின் மைக்ரோஃபிலிமை 2015-இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. அங்கே படம் மட்டும், பெயர்ப் பட்டியல் இல்லை. பட்டியல் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கெர்ரி மறைமாவட்டமும் கார்க்-ராஸ் மறைமாவட்டத்தின் பெரும்பகுதியும் நீங்கள் பார்த்த ஐரிஷ் ஜீனியாலஜியில் இலவசம். கார்க்கின் வடக்கும் கிழக்கும் க்ளோய்ன் மறைமாவட்டம்; அதற்கு ரூட்ஸ்அயர்லாந்து, கட்டணம். பைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டிலும் நாடு முழுதுக்கும் ஒரு பட்டியல் உண்டு, படித்ததில் பிழை மலிந்தது. அந்தக் குடும்ப மரங்கள் ஏன் கெர்ரிக்குப் போயின என்று இப்போது புரிந்திருக்கும். இலவசமாகத் தேட முடிகிற இடத்தில் தேடினார்கள், கிடைத்த ஹனோராவை எடுத்துக்கொண்டார்கள்.

பெயரை எப்படித் தேடுவது? ஹனோரா, ஹனோரியா, ஒனோரா, நோரா, நானோ, நோனி எல்லாம் ஒருவரே. ஜோஹானா வேறு பெயர். ஆனால் இரண்டும் ‘ஹன்னா’ என்று சுருங்கும், அதனால் இங்கிலாந்தில் எழுதியவர்கள் கலந்துவிடுவார்கள். லத்தீன் வரி ‘பாப்டிசாவி ஹொனோராம் ஃபிலியாம் யாகோபி எட் யோஹான்னே’ என்று ஓடினால், ஜேம்ஸுக்கும் ஜோஹானாவுக்கும் பிறந்த ஹனோராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று பொருள். யாகோபி என்பது ஜேம்ஸ், ஜேக்கப் அல்ல. ‘ஹொனோராம்’ என்பதில் உள்ள ‘ம்’ வேற்றுமை உருபு. அதைப் பெயரின் பகுதி என்று எண்ணிப் பட்டியலில் ஏற்றியவர்களும் உண்டு. டியோனிசியஸ் என்றால் டெனிஸ். ஜெரமயா, டார்பி இரண்டும் ஒருவராக இருக்கலாம். கார்க், கெர்ரியில் ‘கோப்னட்’ என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலத்தில் அபிகெயில் என்றும் டெபோரா என்றும் எழுதுவார்கள். அம்மா பெயர் ஒரு பதிவில் அபிகெயில், மறு பதிவில் டெபோரா என்றால் இரண்டு குடும்பம் என்று பிரித்துவிடாதீர்கள். குடும்பப் பெயர் முன்னாலுள்ள ‘ஓ’, ‘மக்’ இரண்டையும் எடுத்துவிட்டும் தேடுங்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பாலும் உதிர்ந்துபோன எழுத்துகள் அவை.

அயர்லாந்துப் பதிவேட்டில் நமக்குப் பெரிய உதவி, பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தாயைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரும் கூடவே. தவக்காலத்தில் கல்யாணம் நடக்காது என்பதால் அதற்கு முந்தைய சில வாரங்களில் பதிவுகள் நெரியும். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில். ஆனால் 1864-க்கு முந்தைய அயர்லாந்துக் கத்தோலிக்கத் திருமணப் பதிவில் பெற்றோர் பெயரை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மணமக்கள், இரண்டு சாட்சி, நாள், அதோடு முடிந்தது. அந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர் ‘ப’ என்றால் அவர் அண்ணனோ தங்கையோ ஆக இருக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வரிசையையும் எழுதிப் பாருங்கள். முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா, இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா, முதல் பெண்ணுக்கு அம்மாவின் அம்மா. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்த நமக்கு இது புதிதல்ல. ஹனோராவின் மூத்த மகள், இரண்டாவது மகன் பெயர்கள் அவருடைய பெற்றோரின் பெயராக இருக்கலாம். துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியமாக அல்ல.

கொடிவழி

உயிரிழப்புப் பட்டியலில் முதல் கணவர் கிடைத்துவிட்டார். மனைவி ஹனோரா என்றே இருக்கிறது. பிறந்தது கார்க், மேலோ அருகில். மேலோவைச் சுற்றியுள்ள பங்குகளில் 1814-1826 இடையே ஞானஸ்நானம் பெற்ற ஹனோரா ப மூன்று பேர். ஒருத்தியின் தாய் பெயர் மூத்த மகளின் பெயரோடு ஒத்துப்போகிறது. இவரை எடுத்துக்கொள்ளலாமா? டிஎன்ஏ சோதனை செய்தால் முடிந்துவிடுமா?

சுவடிப்பெட்டி

பெயர்ப் பொருத்தம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தாலி கட்டச் சொல்கிறீர்கள்.

மற்ற இருவரையும் கழித்த பிறகே அவரை எடுக்க வேண்டும். மூவருக்கும் ஆளுக்கொரு தாள் போடுங்கள். 1840-க்குப் பிறகு அதே பங்குகளில் ‘தாய்: ஹனோரா ப’ என்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா? நம் ஹனோரா 1844-இல் கண்ணனூரில் இருக்கிறார், அந்த ஆண்டுகளில் மேலோவில் பிள்ளை பெற முடியாது. அப்படி ஒருவர் வந்தால் அவர் கழிந்தார். அவர் மூவரில் யார் என்பதைத் தகப்பன் பெயர், ஞானத்தாய் பெயர், டவுன்லேண்ட் கொண்டு ஒட்டுங்கள். குழந்தையிலேயே இறந்தவரைக் கழிப்பது கடினம், அடக்கப் பதிவு அந்தப் பக்கம் அரிது. ஆனால் நாலைந்து ஆண்டு கழித்து அதே பெற்றோர் இன்னொரு பெண்ணுக்கும் ஹனோரா என்றே பெயர் வைத்திருந்தால் முதல் குழந்தை இறந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மூவரின் தம்பி தங்கைகளையும் விடாதீர்கள். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது வயதைக் காட்டப் பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்காக 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடிப் பார்த்தார்கள். அவை அப்போது எரியவில்லை. அந்தத் தேடல் படிவங்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் உண்டு. விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயர், தாயின் கன்னிப் பெயர், டவுன்லேண்ட் எல்லாம் இருக்கும். ஹனோரா 1884-இல் போய்விட்டார், ஆனால் 1830களில் பிறந்த தங்கை ஒருத்தி 1909-இல் உயிரோடு இருந்திருக்கலாம்.

டிஎன்ஏ பற்றி. நீங்கள் தேடுவது ஹனோராவின் உடன்பிறப்புகளின் வழியினரை. இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு அது மூன்றாம், நான்காம் தலைமுறை உறவு. நான்காம் தலைமுறையில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பொதுவான டிஎன்ஏ ஒன்றும் தெரியாது, ஆகவே ‘பொருத்தம் வரவில்லை’ என்பது மறுப்பு ஆகாது. வந்தாலும், சில பங்குகளுக்குள்ளேயே கொண்டு கொடுத்த ஊர்களில் ஒருவரோடு நாலு வழியில் உறவு இருக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். சோதனை செய்யுங்கள், குடும்பத்தில் மிக மூத்தவரைக் கொண்டு. ஆனால் மூன்று தாள்களை முடித்த பிறகு.

லத்தீன்மேசை

ஒரு சின்ன விஷயம், முதல் திருமணத்தைத் தேடும்போது உதவும். மைக்ரோஃபிலிமில் ஒரு பங்கின் திருமணங்கள் தனிப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல பங்குகளில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, பின்னாலிருந்து திருமணங்களை எழுதியிருப்பார்கள். தளத்தின் வடிகட்டியில் ‘திருமணம்’ என்று போட்டு அந்த மாதம் காலி என்று வந்தால் நம்பாமல், படச்சுருளின் கடைசிப் பக்கங்களைக் கையால் புரட்டுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டு குதிக்கிறதா என்றும் பாருங்கள். குதித்தால் ஏடு கழன்று வேறிடத்தில் தைக்கப்பட்டிருக்கும். அதே சுருளில் பத்து இருபது படம் தள்ளிக் கிடைக்கும்.

மேலோவில் இல்லை என்றால் ஃபெர்மாய். மஸ்டர் புத்தகத்தில் அந்தக் காலாண்டு எந்த ஊர் என்று வந்ததா?

கொடிவழி

ஃபெர்மாய்தான். இரண்டு காலாண்டுகள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.